மரச்சட்டம் இல்லாமல் பெரிய போர்வை: பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைக்கும் முழு முறை

இரண்டு பேர் போர்த்திக்கொள்ளும் போர்வை தைக்க எட்டடி மரச்சட்டம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் அப்படி ஒன்றை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க இடம் ஏது? சட்டம் செய்வது ஒரே ஒரு வேலைதான்: துணி அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகராமல் பிடித்துக்கொள்வது. அந்த வேலையை முன்கூட்டியே தரையில் முடித்துவிட்டால் மடியில் வைத்தே முழுப் போர்வையையும் தைக்கலாம்.

புதிதாகத் தைப்பவர்கள் ஊசி ஓட்டத் தெரியாமல் தடுமாறுவதில்லை. தரை வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஊசியை எடுப்பதால்தான் பாதியில் துணி சுருண்டு நிற்கிறது. அதனால் இங்கே தரை வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் சொல்லப்போவது முழுக்கப் பழைய பருத்திப் புடவையால் ஆன போர்வை. கடையில் பஞ்சு விரிப்பு வாங்கி நடுவில் வைப்பவர்களுக்கும் வரிசை இதேதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. அளவையும் அடுக்கையும் முதலில் முடிவு செய்யுங்கள்

மெத்தை 60 அங்குல அகலம், 78 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் பத்துப் பத்து அங்குலம் தொங்கினால் அகலம் 80. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒன்பது ஒன்பது சேர்த்தால் நீளம் 96. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான்.

ஐந்தரை மீட்டர் புடவை சுமார் 216 அங்குலம். குறுக்கே பாதியாக வெட்டினால் 108 அங்குலத்தில் இரண்டு துண்டு. 45 அங்குல அகலமுள்ள அந்த இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்தால் கிட்டத்தட்ட 89-க்கு 108. ஆக, ஒரு புடவை ஒரு முழு அடுக்கு. தைக்கத் தைக்கப் போர்வை இரண்டு மூன்று அங்குலம் உள்வாங்கும். ஓரத்தில் வெட்டிச் சீராக்கவும் துணி வேண்டும். இரண்டுக்கும் இந்த அளவு போதும்.

சமவெளி ஊர்களுக்கு மேலும் கீழும் சேர்த்து நான்கு அடுக்கு சரியாக இருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மார்கழிக் குளிருக்கு ஐந்து. ஆறாவதைச் சேர்க்காதீர்கள். அத்தனை அடுக்கில் ஊசி ஒரே ஓட்டத்தில் மூன்று தையல் எடுக்காது. ஒவ்வொன்றாகக் குத்தி இழுக்கும்போது வரி கோணிவிடும், கையும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நூல்: பருத்தி நூல்தான். மெஷினுக்குப் போடும் பாலியஸ்டர் நூல் பழைய பருத்தியைவிட வலுவானது. சில வருடத்தில் நூல் அப்படியே இருக்கும், துணி அந்த வரியில் அறுந்திருக்கும். எனக்குப் பிடித்தது 8ஆம் நம்பர் பேர்ல் காட்டன், அதாவது எம்பிராய்டரிக்கு விற்கும் முறுக்கிய பருத்தி நூல். தடித்து நிற்பதால் தையல் தெளிவாகத் தெரியும், பழந்துணியையும் அறுக்காது.

எவ்வளவு நூல்? ஒன்றரை அங்குல இடைவெளியில் நீளவாட்டில் கோடு போட்டால் 80 அங்குல அகலத்துக்கு 53 கோடுகள். ஒவ்வொன்றும் 96 அங்குலம். மொத்தம் ஏறக்குறைய 130 மீட்டர். நூல் மேலும் கீழும் ஏறி இறங்குவதற்கும் முனைகளில் விடுவதற்கும் கால் பங்கு கூட்டுங்கள். 160, 170 மீட்டரை ஒரே தடவையில், ஒரே சாய எண்ணில் வாங்கிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் அதே சிவப்பு வேறு சிவப்பாக இருக்கும்.

ஊசி: பேர்ல் காட்டனுக்கு 5 அல்லது 6ஆம் நம்பர் எம்பிராய்டரி ஊசி. காது பெரிதாக இருக்கும், முனை கூராக இருக்கும். நம்பர் கூடக்கூட ஊசி மெலிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். நீலகிரி கேத்தியில் செய்யப்படும் போனி ஊசிகள் நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைப்பவைதான். அடுக்குகளைப் பிடித்து வைக்கும் தற்காலிகத் தையலுக்கு (7ஆவதில் வரும்) தனியாக ஒரு நீள ஊசி வாங்கிக்கொள்ளுங்கள்.

விரலுறை: திம்பிள் என்று கேட்டால் தருவார்கள். ஊசியைத் தள்ளும் நடுவிரலுக்கு ஒன்று. இது இல்லாமல் நான்கு அடுக்கைத் தைக்க முடியாது, ஒரு மணி நேரத்தில் விரல் புண்ணாகிவிடும்.

எடைக் கற்கள்: நம் பக்கத்தில் இதற்குக் குறைவே இல்லை. கிரானைட் பட்டறைகளின் வாசலில் குவிந்து கிடக்கும் துண்டுகளில் செங்கல் அளவுக்குப் பன்னிரண்டு கேட்டு வாங்குங்கள். கழுவி, பழந்துணியில் சுற்றிக் கட்டுங்கள். சிமென்ட் தரையில் ஒட்டும் டேப் நிற்காது, கல் நிற்கும்.

இவற்றோடு ஒரு நீள ஸ்கேல், டெய்லர் சாக், தேன்மெழுகு, சாதாரண வெள்ளை நூல்கண்டு ஒன்று, ஒரு ஸ்பூன், உட்கார ஒரு மணைப்பலகை. ஸ்பூனும் பலகையும் எதற்கு என்பது 7ஆவதில் வரும்.

3. புடவையைச் சோதித்து அலசுங்கள்

முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழைகள் விலகிக் கண்ணாடி போலத் தெரியும் இடம் நைந்த இடம். இரு கைக் கட்டைவிரல்களாலும் பிடித்துச் சுண்டி இழுத்தால் கிழியும் துணி மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் ஆகாது. லேசாக நைந்ததை நடுவில் போடலாம். உட்காருமிடமும் முந்தானை மடிப்பும்தான் பெரும்பாலும் முதலில் போகும். அங்கே வெட்டி நீக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள்.

பருத்தியா கலப்பா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி முத்தாகும். இரண்டையும் ஒரே போர்வையில் அடுக்கினால் பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. முதல் சலவையிலேயே மேல்பக்கம் அலை அலையாக நிற்கும்.

ஜரிகைக் கரையை முழுவதும் வெட்டிவிடுங்கள். ஊசி அதில் வழுக்கும், விறைப்பும் துணியோடு சேராது.

சாயம் போகிறதா என்பதை ஒவ்வொரு புடவையிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். அரக்கும் கருநீலமும் அதிகம் ஏமாற்றும். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றி முடித்த துணியில் அதை நம்ப வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். நான்கைந்து அலசலிலும் நிற்கவில்லை என்றால் அந்தப் புடவையை விட்டுவிடுங்கள்.

கஞ்சி போட்ட புடவையை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி முழுதும் போக அலசுங்கள். கஞ்சித் துணியில் ஊசி இறுகும், பூச்சியும் வரும். அடித்துணிக்குப் புதிதாகக் காடாத் துணி வாங்குபவர்கள், பர்கூர் ஜவுளிக் கடைகளில் வாங்கினாலும் சரி, ஈரோட்டில் வாங்கினாலும் சரி, இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். காடா நிறையச் சுருங்கும்.

இலவம் பஞ்சு வீட்டில் கிடக்கிறதே, நடுவில் போடலாமா என்று தவறாமல் கேட்பார்கள். வேண்டாம். அது உதிரிப் பஞ்சு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் நகர்ந்து மூலையில் திரளும், புடவை நெசவின் வழியாக வெளியே வரும். தலையணையில் இருக்கட்டும்.

4. அடுக்குகளை இணைக்கும்போது மூட்டுகளைத் தள்ளி வையுங்கள்

எல்லாப் புடவையையும் ஒரே மாதிரி பாதியாக வெட்டி நடுவில் இணைத்தால் நான்கு மூட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நிற்கும். போர்வையின் நடுவில் கயிறு வைத்தது மாதிரி மேடு விழும், ஊசியும் அங்கே ஏறாது.

அடித்துணியை நடுவில் இணையுங்கள். அடுத்த அடுக்கில் 45 அங்குலத் துண்டை நடுவில் வைத்து, இன்னொரு துண்டை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சேருங்கள். மூட்டுகள் இருபுறமும் 22 அங்குலத்துக்குத் தள்ளிப் போய்விடும். ஐந்து அடுக்கானால் இன்னொன்றைச் சற்றே ஏறுமாறாக வெட்டிக்கொள்ளுங்கள்.

உள் அடுக்குகளில் துணியின்மேல் துணி ஏற்றித் தைக்க வேண்டாம். கரையோடு கரை முட்டவைத்து, இரண்டையும் சுற்றிப் பிடிக்கும்படி தளர்வாகத் தையுங்கள். இறுக்கினால் அந்தக் கோடு குறுகி, துணி குழிந்துவிடும். பாவு நூல் எல்லா அடுக்கிலும் நீளவாட்டிலேயே ஓடட்டும். பாவும் ஊடையும் இழுபடும் அளவு வேறு வேறு. ஒரு அடுக்கு மட்டும் திரும்பியிருந்தால் போர்வை ஒரு பக்கம் இழுக்கும்.

மேல் துணியை ஒட்டுத் துண்டுகளால் செய்பவர்கள் ஒவ்வொரு மூட்டின் பிசிரையும் ஒரே பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். எந்தப் பக்கம் மடித்தீர்களோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் கோடு ஓடினால் ஊசிக்கு இரண்டு துணி குறையும்.

5. கோடு போடுதல்

மேல் துணி தனியாக, தட்டையாக இருக்கும்போது நீளவாட்டில் நடுக்கோடு, அகலவாட்டில் நடுக்கோடு, பிறகு பத்து அங்குலத்துக்கு ஒன்றாகச் சில கோடுகள் மட்டும் போட்டு, அவற்றை வண்ண நூலால் தளர்வாக ஓட்டி வையுங்கள். சாக் கோடு கை பட்டே அழிந்துவிடும். மற்றக் கோடுகளை அன்றன்று தைக்கும் பகுதியில் போட்டுக்கொண்டால் போதும். கருந்துணிக்குக் காய்ந்து மெலிந்த சோப்புத் துண்டைப்போல நல்ல கருவி இல்லை. பால்பாயின்ட் பேனாவைத் தொடவே வேண்டாம்.

6. தரையில் விரித்தல்

பத்தடிக்குப் பத்தடி வெற்றுத் தரை வேண்டும். கூடத்தில் கட்டிலை நகர்த்தினால் கிடைக்கும். இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தைக் காலையில் சில மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மொட்டைமாடியில் செய்வதானால் ஆடி மாதம் வேண்டாம். காற்று மேல் அடுக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கும்.

பெருக்கி, ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு மணல் பரல் உள்ளே போனாலும் கடைசிவரை உறுத்தும். மெட்டியும் வளையலும் துணியில் மாட்டும், கழற்றி வையுங்கள்.

ஒவ்வொரு அடுக்கையும் நான்காக மடித்து, மடிப்பு முனையில் ஒரு நூல் முடிச்சு போடுங்கள். அதுதான் நடு. தரையிலும் சாக்கால் ஒரு கூட்டல் குறி போடுங்கள்.

அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி, அதன் நடு குறிமேல் வரும்படி விரியுங்கள். நான்கு பக்கமும் நடுவில் முதலில் கல் வையுங்கள், மூலைகளில் கடைசியாக. மூலையிலிருந்து தொடங்கினால் துணி குறுக்கே நீண்டு கோணிவிடும், நேர் இழை பிடிபடாது.

எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் தவறும் இடம். உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். முன்னால் அலை எழும்பினால் தளர்வு. ஒரு கல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். துணி ஒரு விரல் அகலத்துக்குமேல் உள்ளே ஓடினால் அதிகம் இழுத்திருக்கிறீர்கள். இழுத்துவைத்த அடித்துணி, கல்லை எடுத்ததும் தன் அளவுக்குத் திரும்பும். அப்போது மேலே உள்ள அடுக்குகள் எல்லாம் சுருக்கம் விழும். அலை எழாமல், உள்ளே ஓடாமல் இருக்கும் நிலைதான் வேண்டும்.

உள் அடுக்குகளை நான்காக மடித்த நிலையிலேயே நடுவோடு நடு வைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விரியுங்கள். நீள ஸ்கேலைப் படுக்கவைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். கையால் தடவினால் விரலுக்கு நடுவில் சுருக்கம் தங்கும். ஒரு அடுக்கு சரியாக அமர்ந்த பிறகே அடுத்தது. பிறகு கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லா அடுக்குக்கும் மேலே மாற்றி வையுங்கள்.

7. தற்காலிகத் தையல்: சட்டத்துக்குப் பதில் இதுதான்

மரச்சட்டம் உள்ளவர்கள் இதை ஏனோதானோவென்று செய்யலாம். நாம் செய்ய முடியாது. தைத்து முடிக்கும்வரை அடுக்குகளைப் பிடித்திருக்கப்போவது இந்தத் தையல் ஒன்றுதான். ஒரு முழு நாள் ஆகும். இருவர் இருந்தால் நல்லது.

வெள்ளை நூலைப் பயன்படுத்துங்கள். கறுப்பு, சிவப்பு நூல் உருவும்போது சாயப் பிசிரை விட்டுவிட்டுப் போகும்.

ஓரத்திலிருந்து கை நடுவுக்கு எட்டாது. துணிமேல் முட்டி போட்டு ஏறினால் அழுத்தம் ஒரு இடத்தில் விழுந்து அடுக்குகள் நகரும். மணைப்பலகையைப் போட்டு அதில் உட்காருங்கள், எடை பரவும். பலகையை இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள்.

நீள நூலின் நடுப்பகுதி போர்வையின் நடுவில் வரும்படி வைத்து, பாதியைத் தொங்கவிட்டு, மற்றப் பாதியால் ஓரத்தை நோக்கித் தையுங்கள். பிறகு தொங்கும் பாதியில் ஊசி கோத்து எதிர்ப்பக்கம். நடுவில் முடிச்சே இருக்காது, இரு பக்கமும் ஒரே இழுவிசை. முதலில் நீளவாட்டில் நடுக்கோடு, அடுத்து அகலவாட்டில் நடுக்கோடு. அதற்குப் பிறகு நான்கு விரல் இடைவெளியில் இரு திசையிலும் கட்டம் கட்டமாக, எப்போதும் நடுவிலிருந்து வெளியே. தையல் இரண்டு அங்குல நீளம் இருக்கலாம். இடைவெளியை மட்டும் கூட்டாதீர்கள். ஒரு சாண் விட்டுத் தைத்தவர்கள் எல்லோருமே பாதியில் பிரித்திருக்கிறார்கள்.

ஊசி தரையில் முட்டியதும் மேலே வரும் முனையை ஸ்பூனின் விளிம்பால் ஏந்தித் தூக்குங்கள். நகக்கண் தப்பிக்கும், துணியையும் கையால் தூக்க வேண்டியிருக்காது. தூக்கினால் அடுக்கு நகரும் என்பதுதான் காரணம்.

ஊக்குகளால் செய்யக் கூடாதா? மூலையைப் பிடிக்க நான்கு ஊக்கு போடலாம். முழுப் போர்வைக்கும் வேண்டாம். கையால் தைக்கும்போது நூல் ஒவ்வொரு ஊக்கிலும் மாட்டும், மழைக்காலத்தில் துருக்கறையும் விழும்.

முடிந்ததும் கற்களை எடுத்து, இருவராகப் புரட்டி அடிப்பக்கத்தை உள்ளங்கையால் முழுதும் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் அந்தப் பகுதியை இன்றே பிரித்துத் திருத்துங்கள். பிறகு வரும் மெல்லிய தையல் இந்த மடிப்பைச் சரிசெய்யாது, நிலையாக்கிவிடும். கடைசியாக, கூடுதலாக இருக்கும் அடித்துணியை மேலே மடித்து ஓரம் முழுதும் ஓட்டிவிடுங்கள். வெட்டோரம் மாதக்கணக்கில் கைபட்டுப் பிசிராகாமல் இருக்கும்.

8. மடியில் எடுக்கும் முன்

தரையில் பாய் விரித்து, போர்வை முழுதும் பாய்மேல் படுத்திருக்க, தைக்கும் பகுதி மட்டும் மடிக்கு வரட்டும். நாற்காலியில் உட்கார்ந்து மீதியைத் தொங்கவிட்டால் இரண்டு கிலோ எடையும் தையல் வரியை இழுக்கும். இரு பக்கத்தையும் தளர்வாகச் சுருட்டி, நடுவில் ஒன்றரை அடி மட்டும் திறந்து வைத்து, சுருட்டல்களைத் துணி நாடாவால் கட்டிக்கொள்ளலாம்.

துணியைப் பிடித்துவைக்கும் எம்பிராய்டரி வளையம் வேண்டுமா? புடவை அடுக்குகள் மெலிந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. 7ஆவதை ஒழுங்காகச் செய்திருந்தால் வளையம் தேவையில்லை, நான் போடுவதில்லை. பஞ்சு விரிப்பு வைத்தவர்களுக்கு வேண்டும், பஞ்சு உப்பி நிற்பதால் தையல் ஒரே ஆழத்தில் விழாது. சாதாரண எம்பிராய்டரி வளையம் இத்தனை அடுக்கைப் பிடிக்காது. ஆரி வேலைக்கு விற்கும் 14 அங்குல அகலப்பட்டை மரவளையத்தைத் திருகோடு வாங்குங்கள். துணியை விறைப்பாக இறுக்க வேண்டாம், அடியிலிருந்து விரலால் தள்ளினால் மேடு எழும்ப வேண்டும். அந்த மேட்டில்தான் ஊசி மூன்று தையலைச் சேர்த்து எடுக்கும். இரவில் வளையத்தைக் கழற்றிவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் இந்தப் போர்வையை மடியில் வைத்து உட்கார முடியாது, வியர்வைக் கறையும் படும். அந்த மாதங்களில் ஒட்டுத்துண்டு இணைக்கும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் மடியில் எடுத்தால் சூடும் தணிந்திருக்கும், மார்கழிக்குள் முடிக்கவும் நேரம் இருக்கும்.

9. எந்தக் கோடு முதலில்

ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாக மறு ஓரத்துக்குப் போவது பார்க்கச் சுலபமாகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு கோடும் மேல் துணியை நூலிழை அளவுக்கு முன்னே தள்ளும். 53 கோட்டின் தள்ளலும் கடைசியில் சேர்ந்து நிற்கும்.

முதலில் நீளவாட்டு நடுக்கோடு. அடுத்து, வண்ண நூலால் குறித்து வைத்த பத்து அங்குலக் கோடுகள், நடுவுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி. இவை தாங்கு கோடுகள். இவை முடிந்தால் போர்வை எட்டுப் பட்டைகளாகப் பிரிந்துவிடும், இனி எந்தத் தள்ளலும் ஒரு பட்டையைத் தாண்டாது. அதன் பிறகு பட்டைகளை எந்த வரிசையில் நிரப்பினாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு பட்டையை நெருக்கமாகவும் இன்னொன்றைத் தளர்வாகவும் விடக் கூடாது. நெருக்கமான பகுதி உள்வாங்கும், தளர்ந்த பகுதி உப்பும்.

ஒவ்வொரு கோட்டையும் நடுவிலேயே தொடங்குங்கள். இரண்டு முழம் நூல் எடுத்து ஒரு முழத்தைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் தைத்துவிட்டுப் பிறகு மறுபக்கம். அதற்குமேல் தேவைப்படும் நூலை ஒரு முழம் ஒரு முழமாகக் கோத்துக்கொள்ளுங்கள். நீள நூல் நேரத்தை மிச்சம் பிடிக்காது, உரசி நைந்து முடிச்சு விழும்.

ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும் முறை ஒன்றும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையை அப்படித்தான் தைப்பார்கள். அங்கே மேல் துணி முழுத் துணி இல்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவதால், சேரும் தளர்வை அடுத்த துண்டு வாங்கிக்கொள்ளும். நம் மேல் துணி முன்பே முழுதாக இணைத்தது. ஓரத்தில் தொடங்கினால் தளர்வு நடுவில் சிக்கிக்கொள்ளும், போக வழி இருக்காது. வீடியோ பார்த்துவிட்டு இரண்டு முறைகளையும் கலப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

10. ஊசி ஓட்டுதல்

நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுங்கள். மெழுகுவத்தி வேண்டாம், இஸ்திரி போடும்போது எண்ணெய்க் கறையாக ஊறும்.

புது நூலைத் தொடங்க முனையில் சின்ன முடிச்சு போட்டு, தொடங்கும் இடத்துக்கு அரை அங்குலம் முன்னால் மேல் துணியில் மட்டும் குத்தி, வரியில் எடுத்துச் சுண்டி இழுங்கள். முடிச்சு மேல் துணியைத் தாண்டி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். முடிக்கும்போதும் துணியை ஒட்டி முடிச்சிட்டு அதேபோல் உள்ளே இழுத்து, ஊசியை ஒரு அங்குலம் உள்ளுக்குள் ஓட்டி வெளியே எடுத்து வெட்டுங்கள். அடிப்பக்கத்தில் வெளியே விட்ட முடிச்சு துவைக்கத் துவைக்க அவிழும்.

இடது கை அடியில் இருக்கட்டும். ஊசி முனை அந்த விரலைத் தொட்டால்தான் எல்லா அடுக்கும் பிடிபட்டது என்று அர்த்தம். தொட்டதும் விரலால் மேலே தள்ளி, விரலுறையால் ஊசியைச் சாய்த்து, இரண்டு மூன்று தையலைச் சேர்த்து எடுத்து இழுங்கள். அடிவிரல் வலித்தால் மருந்துக் கடைப் பேப்பர் பிளாஸ்திரி ஒரு சுற்று போதும். தடித்த துணி சுற்றினால் முனை தெரியாது.

புதியவர்கள் ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட முயல்வார்கள். நான்கு அடுக்கில், இந்த நூலில், அங்குலத்துக்கு நான்கு அல்லது ஐந்தே நல்ல தையல். தையல் சிறியதாக இருப்பதைவிட ஒரே அளவில் இருப்பதுதான் கண்ணுக்கும் நல்லது, பலத்துக்கும் நல்லது. பத்துத் தையலுக்கு ஒருமுறை அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே அழகாக இருந்து அடியில் பாதி விட்டுப்போயிருப்பது மிகச் சாதாரணம்.

நூலை இழுத்ததும் வரியைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிடுங்கள். தையல் லேசாகக் குழிந்து நிற்க வேண்டும், துணி சுருங்கக் கூடாது. ஒரு முழுக் கோடு முடிந்ததும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். பக்கத்துக் கோட்டைவிட ஒரு விரல் குறைந்திருந்தால் இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். அதைப் பிரிப்பது அரை மணி நேர வேலை, விட்டால் போர்வை முழுதும் அந்தப் பக்கம் சாயும்.

11. பாதியில் வரும் சிக்கல்கள்

ஊசிக்கு முன்னால் துணி உப்பிக்கொண்டு வருகிறதா? நிறுத்துங்கள். உப்பலை ஓரம்வரை தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் மடித்துத் தைப்பது பலர் செய்யும் தவறு. முன்னால் உள்ள தற்காலிகத் தையலை ஓரம்வரை வெட்டி, அந்தப் பகுதியைத் தரையில் போட்டு ஸ்கேலால் தடவி, மறுபடி ஓட்டுங்கள். மற்ற பகுதியைத் தொட வேண்டாம்.

தற்காலிகத் தையலைச் சிலர் முன்கூட்டியே உருவிவிடுகிறார்கள். இரு பக்கமும் நிலையான தையல் வந்த இடத்தில் மட்டும் உருவுங்கள். ஓரத்தில் ஓட்டியதைக் கடைசிவரை விடுங்கள்.

தைக்காத நேரத்தில் பாய் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டிப் பழைய வேட்டியில் கட்டி வையுங்கள். நான்காக மடித்துப் பீரோவில் அழுத்தி வைத்தால் மடிப்பில் அடுக்குகள் நகரும். பாலித்தீன் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள், துருப்புள்ளி போகவே போகாது.

12. எடை தாங்காதவர்களுக்கு: மூன்று பட்டை முறை

முதுகுவலி உள்ளவர்களும், மூன்று பேர் சேர்ந்து தைக்க விரும்பும் குழுவினரும் இப்படிச் செய்யலாம். அகலத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் 30 அங்குல அகலத்தில் வெட்டி, தனித்தனியாக அடுக்கித் தற்காலிகத் தையல் போட்டுத் தைத்து முடியுங்கள். நீள ஓரங்களில் இரண்டு அங்குலம் தைக்காமல் விடுவது முக்கியம், இணைக்க இடம் வேண்டும்.

இணைக்கும்போது முதலில் மேல் துணிகள் இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். பிறகு உள் அடுக்குகளை முட்டும் அளவுக்கு வெட்டிக் கரையோடு கரை பிடியுங்கள். கடைசியாக ஒரு அடித்துணியின் ஓரத்தை மடித்து மற்றதன்மேல் வைத்து ஹெம்மிங் செய்யுங்கள். விட்ட இடத்தின் கோடுகளை அப்புறம் நிரப்பலாம்.

குழுவில் ஒருவர் இறுக்கித் தைப்பார், ஒருவர் தளர்த்தித் தைப்பார். மூன்று பட்டையும் மூன்று நீளமாக வரும். ஒவ்வொருவரும் ஒரு சாண் மாதிரி தைத்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

13. ஓரம்

எல்லாக் கோடும் முடிந்த பிறகுதான் அளவுக்கு வெட்ட வேண்டும். தட்டையாக விரித்து 80-க்கு 96 குறித்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்குவாட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சுமார் 125 அங்குலம் வந்தால் மூலைகள் நேர். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் குறித்ததைத் திருத்திய பிறகு வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்பே கோட்டுக்கு உள்ளே கால் அங்குலத்தில் சுற்றிலும் ஓட்டிவிட்டால் அடுக்குகள் பிரியாது.

சுற்றளவு 352 அங்குலம். ஓரப்பட்டிக்குத் தனியாகத் துணி தேட வேண்டாம். உடல் நைந்து, கரை மட்டும் நன்றாக இருக்கும் ஜரிகையில்லாத பருத்திப் புடவை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதன் இரண்டு கரையும் சேர்த்து 430 அங்குலம், மூலை மடிப்புக்கும் சேர்த்துப் போதும். நெருக்கி நெய்த கரை ஓரத்தில் அதிகநாள் உழைக்கும். இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டி, மேல்பக்கத்தில் வைத்து ஓட்டி, பின்பக்கம் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். மூலையில் பட்டியை இழுக்காதீர்கள். இழுத்தால் மூலை கிண்ணமாக மடங்கி நிற்கும்.

14. முதல் சலவை

மீதமுள்ள தற்காலிக நூலையெல்லாம் உருவி எடுத்த பிறகு, பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். துணி துவைக்கும் கல்லில் அடிக்க வேண்டாம். அகலமான தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். முறுக்கிப் பிழியாமல் சுருட்டி அழுத்துங்கள்.

ஈரத்தில் எடை பல மடங்காகும். ஒரே கொடியில் மடித்துப் போட்டால் அந்த மடிப்பில் தையல்கள் இழுபட்டு அறும். பக்கத்துப் பக்கத்துக் கொடிகள் இரண்டில் பரப்பிப் போடுங்கள், அல்லது மாடியில் பழைய வேட்டி விரித்து அதன்மேல் படுக்கவையுங்கள். நல்ல பக்கம் கீழே இருந்தால் நிறம் வெளுக்காது. காய்ந்ததும் தையலுக்குத் தையல் சின்னச் சின்னச் சுருக்கம் எழும்பும். அது பருத்தி உள்வாங்கியதால் வருவது, இஸ்திரி போட்டு அழுத்த வேண்டாம்.